கோடை ஒரு வேலைப் பருவம்: கூடுவாஞ்சேரியின் குறைகள் பற்றி ஓர் ஆய்வு

ஏப்ரல், மே மாதங்களில் கூடுவாஞ்சேரியின் டீக்கடைகளிலும் ரயில் நிலைய நடைமேடையிலும் காதில் விழும் பேச்சை ஒரு தாளில் எழுதினால் ஏழெட்டு வரிகளில் அடங்கிவிடும். போர்ல தண்ணி இறங்கிடுச்சு. லாரிக்காரன் நேத்தே வரேன்னான், இன்னும் காணோம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சு. இந்தத் தடவை ஐநூறு யூனிட் தாண்டிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கவே முடியல. ஸ்கூல் எப்பத் திறக்கறாங்க? எந்தத் தெருவில் குடியிருப்பவரும் இந்தப் பட்டியலில் பாதிக்காவது கையெழுத்துப் போடுவார்.

இவற்றை வெயில் கொண்டுவரும் தொல்லைகள் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்வதும், ஜூனில் மறந்துவிடுவதும் வழக்கம். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வானத்தின் பங்கு குறைவாகவும் மண்ணில் நாம் செய்ததன் பங்கு அதிகமாகவும் தெரிகிறது. ஊராட்சிக் காலத்து ஏற்பாடுகளின் மேல் ஒரு நகரம் வந்து உட்கார்ந்துவிட்டது. மற்றப் பருவங்களில் மூடிக்கிடக்கும் அந்த இடைவெளி கோடையில் வெளியே தெரிகிறது. அதைச் சரிசெய்யத் தோதான காலமும் இதே கோடைதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஊர் வளர்ந்த வேகம்

தாம்பரத்திலிருந்து தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டினால் கூடுவாஞ்சேரி. பழைய ஊர் நந்திவரம். ஏரியும் நந்தீஸ்வரர் கோயிலும் அங்கேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நந்திவரம்–கூடுவாஞ்சேரி பேரூராட்சியில் இருந்தவர்கள் சுமார் 44,000 பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், ஊர் பெருத்த காலம் முழுவதும் திட்டமிடுவோர் கையில் இருந்தது அந்தப் பழைய எண்தான்.

மறைமலை நகர் தொழிற்பேட்டை, பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், பரனூரில் மகேந்திரா வேர்ல்டு சிட்டி, நெல்லிக்குப்பம் சாலை வழியே போனால் கிழக்கே ஓஎம்ஆர் மென்பொருள் அலுவலகங்கள் என்று நாற்புறமும் வேலை இருந்தது. நடுவில் சென்னையைவிட மலிவான மனை இருந்தது. நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டார்கள். கல் நட்ட இடமெல்லாம் 'நகர்' ஆனது.

நிர்வாகம் இதன் பின்னால் ஓடிவந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29இல். பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது 2021இல். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்த அரசாணை வந்தது 2022 அக்டோபரில். அந்த எல்லை வண்டலூர்ப் பக்கம் நின்றிருந்த நாட்களிலேயே கூடுவாஞ்சேரி சென்னையின் புறநகராக வாழத் தொடங்கிவிட்டது. ஆள் முதலில் வந்தார், வீடு அடுத்து வந்தது, குழாயும் கால்வாயும் வடிகாலும் கடைசியில் வந்தன; சில நகர்களுக்கு இன்னும் வரவில்லை.

வெயில்: காற்று திரும்பும் நேரம்

கத்திரி வெயில் மே 4 அளவில் தொடங்கி 28, 29 வரை நீளும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்பது அதற்கு முன்பே, ஏப்ரல் 24ஐ ஒட்டி. ஆனால் கொடுமையான வெப்பம் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான் வருகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சமான 45 டிகிரி செல்சியஸ், அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு, 2003 மே 31இல் வந்தது.

காரணம் கடற்காற்று. பகலில் நிலம் சூடேற, கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மெரினாவில் நண்பகலுக்கே அது எட்டிவிடும் நாட்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று அதைக் கரையிலேயே தடுத்து நிறுத்துகிறது. நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் பல நாட்களில் ஓரிரு டிகிரி கூடுதலாகக் காட்டுவது இந்தத் தாமதத்தால்தான். கூடுவாஞ்சேரி கடலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கோவளத்தில் தொட்ட காற்று இங்கே வந்துசேர மாலையாகும். "காத்து இன்னும் திரும்பல" என்று திண்ணையில் சொல்கிறார்களே, வானிலையாளர் வரைபடம் போட்டு விளக்குவதும் அதையேதான். இரண்டு காற்றும் மோதும் கோடு சில மாலைகளில் இந்தப் பகுதியின் மேல் அமையும். அப்போது தாம்பரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் இடியோடு அரைமணி மழை கொட்டும். கடற்கரையோரம் ஒரு துளியும் விழாது.

அது இயற்கையின் கணக்கு. நாம் சேர்த்தது இரவின் புழுக்கம். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அதைக் கக்குகிறது. வாடகை குறைவு என்று மேல்மாடி எடுத்தவர்களும், தகரக் கொட்டகையில் தங்கும் வடமாநிலக் கட்டடத் தொழிலாளர்களும் இதை முழுதாக அனுபவிக்கிறார்கள். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது எளிய பரிகாரம். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2010 வெப்ப அலையில் பல உயிர்களை இழந்த அகமதாபாத் 2013இல் நகர அளவில் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. இறந்த பின் தரும் தொகைக்கு விதி வந்துவிட்டது. இறக்காமல் காக்கும் ஏற்பாடு, அதாவது நிழல், குடிநீர், வேலை நேர மாற்றம் ஆகியவை வார்டு அளவில் வகுக்கப்பட வேண்டியவை.

தண்ணீர்: ஏரி, பாறை, லாரி

பட்டியலின் முதல் வரி தண்ணீர். இதை விளங்கிக்கொள்ள நிலத்தடியைப் பார்க்க வேண்டும். பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகளில் வெளியே தெரியும் சார்னோகைட் என்னும் கடும்பாறைதான் இந்த வட்டாரத்தின் அடித்தளம். கடற்கரை மணலைப் போல அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே சிதைந்து உதிர்ந்த அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். அந்த மேலடுக்கு மழைக்குப் பின் நிறைந்து, மார்ச்சுக்குப் பின் வடிகிறது. அதன் பிறகு போரை ஆழப்படுத்துவது அதிர்ஷ்டச் சீட்டு: வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், கிடைக்காவிட்டால் கல்பொடி. பக்கத்து வீட்டில் 300 அடியில் வருவது நம் வீட்டில் 600 அடியிலும் வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

அந்த மேலடுக்கை நிறைத்து வந்தவை ஏரிகள். செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 528 ஏரிகள் உள்ளன. ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றேரிகள் வேறு. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் போக்குக் கால்வாய் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும். நந்திவரம் ஏரியின் மிகைநீர் ஜிஎஸ்டி சாலை என்னும் திருச்சி நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, ஊரப்பாக்கம் வழியாக மேற்கே அடையாற்றுப் பக்கம் போக வேண்டியது. ஆதனூர் ஏரி அடையாற்றின் தலைப்பகுதிகளில் ஒன்று. ஆகவே கூடுவாஞ்சேரி ஒரு நதியின் தொடக்கத்தில் இருக்கும் ஊர்.

அந்தத் தொடர் அறுந்ததன் விளைவு மழைக்காலத்திலும் தெரிந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. கூடுவாஞ்சேரியின் தாழ்வான நகர்களிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தென்புறநகரங்கள் மறுபடி நனைந்தன. டிசம்பரில் படகு கேட்கும் தெருவே மே மாதத்தில் லாரி கேட்கிறது. மழை பொய்த்ததால் அல்ல. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர், உலகின் பல பெருநகரங்களைவிட அதிகம். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்கிறது. தேக்கினால் எட்டு மாதத்துக்கு ஆகும். தேக்காவிட்டால் மூன்று நாளில் வீட்டுக்குள் வந்து, நான்காம் நாள் கடலுக்குப் போய்விடும்.

2019 இதற்குப் பெரிய பாடம். செம்பரம்பாக்கம், பூண்டி, செங்குன்றம், சோழவரம் நான்கும் வறண்டன. ஓஎம்ஆர் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் சென்னைக்கு லாரித் தண்ணீர் வந்ததில் பெரும்பங்கு புறநகர் விவசாயக் கிணறுகளிலிருந்துதான். பல ஊர்களில் மக்கள் லாரியை மறித்தார்கள். நகரத்துக்குத் தண்ணீர் விற்கும் நிலப்பரப்பே தனக்குத் தண்ணீர் வாங்கும் நிலைக்கு இறங்கியதைத் தென்புறநகரம் அந்த ஆண்டில் கண்டது.

லாரி வரும் காட்சி ஊருக்குப் பழகியது. தெருமுனையில் அது பின்வாங்கித் திரும்பும்போதே யாராவது இறங்கிவந்து சம்ப் மூடியைத் தூக்கி வைக்கிறார். கிளீனர் தோளில் குழாயைச் சுமந்துவந்து உள்ளே இறக்கி, வால்வைத் திருகுகிறார். குழாய் இணைப்பில் ஒழுகுவதைப் பிடிக்க அடுத்த வீட்டம்மா வாளியோடு நிற்கிறார். கடைசியில் ஒரு குச்சியைச் சம்ப்புக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்த்து, சொன்ன தண்ணீர் வந்ததா என்று பேரம் நடக்கிறது. 12,000 லிட்டர் லாரி என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஓர் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற மத்திய அரசின் நகர்ப்புற அளவுகோலை வைத்தால், நான்கு பேர் கொண்ட 12 வீட்டு அடுக்ககத்துக்கு அது இரண்டு நாள்கூட வராது. அதே அளவுகோல் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு 70 லிட்டர் என்கிறது. செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியுமாக வாழும் நகர்களில் வாழ்க்கை 135 லிட்டர் வாழ்க்கை. ஏற்பாடு 70 லிட்டர் ஏற்பாடு. இடைவெளியை லாரி நிரப்புகிறது. குடிக்க இருபது லிட்டர் கேன் தனி.

அரசு கொண்டுவந்த மாற்று, கடல்நீரைக் குடிநீராக்குவது. நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலையும் திறக்கப்பட்டன. பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலைகள் செங்கல்பட்டு மாவட்டக் கரையில் இருக்கின்றன. அவற்றின் நீர் முதலில் போவது சென்னைக்கு. உள்ளே 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் குழாய் நீளும்வரை காத்திருக்க வேண்டும். கடல்நீர் ஆலை மின்சாரத்தை ஏராளமாக உண்பது என்பதால், அந்தத் தண்ணீர் ஒருபோதும் ஏரித் தண்ணீரின் விலைக்கு வராது. மாவட்டத்தின் இன்னொரு ஆதாரம் பாலாறு. மணல் அள்ளி அள்ளிப் பள்ளமான ஆற்றில் ஈசூர்–வள்ளிபுரம், வாயலூர் ஆகிய இடங்களில் தடுப்பணை கட்டிய பின் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியது. தேக்கினால் நிற்கும் என்பதற்கு அது கண்முன் சாட்சி.

மின்சாரம்: ஐநூறு யூனிட் பயம்

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம். அந்த அளவு மின்சாரத்தை மாநிலம் கொடுத்துவிட்டது. ஆனால் கூடுவாஞ்சேரித் தெருவில் இரவு விளக்கு அணைவது உற்பத்திக் குறையால் அல்ல. கடைசி அரை கிலோமீட்டர் தாங்காததால். முப்பது தனிவீடுகளை நினைத்து வைத்த டிரான்ஸ்பார்மரில் பிறகு நாலைந்து அடுக்ககங்கள் சேர்ந்தன. இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் ஏசி ஓடத் தொடங்குகிறது. முதலில் லோ வோல்டேஜ், மின்விசிறி மெல்லச் சுழலும்; பிறகு பீஸ் போகும். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு அடித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, மொட்டைமாடியில் பாயை விரித்துக் காத்திருப்பார்கள். லைன்மேன் வந்து பீஸ் போட்டால், எல்லா ஏசியும் மறுபடி ஒன்றாகப் பாய்ந்து இன்னொரு தடவை போகும்.

இதன் மறுபக்கம் கட்டணம். 2022இல் மாற்றியமைத்த முறையில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500க்குள் நின்றால் அடுத்த நூறுக்கும் சலுகை விலை. 501ஆவது யூனிட் ஓடிவிட்டால் அந்தச் சலுகை முழுதும் கைவிட்டுப் போகிறது. ஒரே யூனிட்டில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்தால், இரவுக்கு எட்டு மணி நேரம், அறுபது இரவு: 480 யூனிட். மின்விசிறி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் அதற்கு மேல். அதனால்தான் கணக்கெடுக்க ஆள் வரும் நாள் நெருங்க நெருங்க வீட்டுப் பெரியவர் மீட்டர்ப் பெட்டிப் பக்கம் அடிக்கடி போகிறார். தண்ணீர்ப் பிரச்சினையும் இங்கே வந்து சேர்கிறது: போர் ஆழமாக ஆழமாக மோட்டார் நெடுநேரம் ஓட வேண்டும். இறங்கிய நிலத்தடி நீருக்கு வீடு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறது, லாரிக்காரரிடமும் மின்வாரியத்திடமும்.

சாலையும் ரயிலும்

கோடை விடுமுறை சென்னை முழுவதும் ஊருக்குப் போகும் காலம். அந்தப் பயணம் கூடுவாஞ்சேரியின் வாசலில் நடக்கிறது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து படிப்படியாக இங்கே மாறின. உள்ளூர்க்காரருக்கு இதில் லாபம் உண்டு. திருச்சிக்கோ மதுரைக்கோ போக இனி கோயம்பேடுவரை வடக்கே போய்த் திரும்ப வேண்டாம். நட்டம், வெள்ளிக்கிழமை மாலைகள். முனையத்திலிருந்து கிளம்பும் பேருந்துகளும், பரனூர் சுங்கச்சாவடியை நோக்கிப் போகும் கார்களும், நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து வந்து சேரும் வண்டிகளும் ஊரின் நடுவே ஒன்றாகின்றன. காய்கறிப் பையோடு எதிர்ப்பக்கம் போக நிற்கும் பெண்ணுக்கு அது திருச்சி நெடுஞ்சாலை அல்ல, தெரு. இரண்டு பயன்பாட்டையும் ஒரே சாலையில் வைத்ததில்தான் சிக்கல்.

ரயில் இந்த ஊரின் பழைய பலம். 2025 ஏப்ரல் 19ஆம் தேதி கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. குறைந்த கட்டணம் 35 ரூபாய், முழுத் தூரத்துக்கு 105 ரூபாய். ஐந்து, பத்து ரூபாய்ச் சீட்டில் போய்வந்த பயணிகள் கோடை முழுவதும் அதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பேசினார்கள். கொளுத்தும் மதியத்தில் குளிர்ந்த பெட்டி வரம் என்றார்கள் ஒரு பக்கம். அந்த நேரத்துக்கு ஒரு சாதா வண்டி கூடுதலாக விட்டால் நூறு பேர் தொங்காமல் போவார்கள் என்றார்கள் மறுபக்கம். இரண்டும் நியாயம். சீசன் சீட்டுக்காரர் பெரும்பான்மையாக இருக்கும் தடத்தில் எண்ணிக்கைக்கே முதலிடம் என்பது என் எண்ணம். வெயிலுக்கு ஒதுங்கக் கூரை இல்லாத நடைமேடைப் பகுதிகளுக்குக் கூரை போடுவது இரண்டு கட்சிக்கும் பொதுவான கோரிக்கை.

விடுமுறையும் விழாவும்

குறைகளை மட்டும் எண்ணினால் கோடையின் பாதியை விட்டுவிடுவோம். தொண்டைமண்டலத்தில் சித்திரை, வைகாசிதான் ஊர் கூடும் காலம். திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் கோயிலில் சித்திரைத் தேர். சிங்கப்பெருமாள் கோயில் பாடலாத்ரி நரசிம்மருக்கு நரசிம்ம ஜயந்தி. சுற்றுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் விழா: பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, நெட்டைக் கம்பத்தில் அர்ச்சுனன் தபசு. முடிவில் ஏரியோரத் தரிசில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து, கூத்தாடி வீமனாக அதன் தொடையில் அடிக்கப் படுகளம் நடக்கும், மாலையில் தீமிதி. அறுவடை முடிந்த வயலும் வற்றிய ஏரியும் இருந்ததால்தான் இத்தனை பெரிய மேடை கிடைத்தது. வயல் மனையான ஊர்களில் விழா தெருவுக்கு வந்துவிட்டது. வாகனம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஒலிபெருக்கிக்கு நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது. புதிதாகக் குடிவந்தவருக்கு அது இரைச்சல், பழைய ஊர்க்காரருக்கு அது ஆண்டுக் கடமை. கூடுவாஞ்சேரியில் கோடைதோறும் ஒரு மௌனப் பஞ்சாயத்து இவ்விருவருக்கும் இடையே நடக்கிறது.

பிள்ளைகளின் விடுமுறையும் நீண்டுகொண்டே போனது. வெயிலைக் காரணம் காட்டி 2023இல் பள்ளித் திறப்பு ஜூன் 1லிருந்து 7க்கும் பிறகு 12க்கும் தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 6லிருந்து 10க்கு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்தக் கூடுதல் நாட்கள் பெரிய கணக்கு. வசதி உள்ளவர் கோடை முகாமில் சேர்க்கிறார். மற்றப் பிள்ளைகளுக்குக் காலி மனையே மைதானம். வீடு எழும்ப எழும்ப அதுவும் குறைகிறது. பக்கத்தில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் யானைக்கு நீர்த்தெளிப்பான், குரங்குக்குத் தர்பூசணி என்று கோடை ஏற்பாடு ஆண்டுதோறும் செய்தியாகிறது. நந்திவரம் பிள்ளைகளுக்கு ஒரு நிழல் மைதானமும் நூலகமும் என்பதும் அதே அளவு செய்தியாக வேண்டிய ஏற்பாடு.

சாலையோரத்தில் நுங்கு, தர்பூசணி, மோர். கிராமத்துப் பனையிலிருந்து குலையோடு இறக்கி சைக்கிளில் கொண்டுவந்த நுங்கை அரிவாளால் மூன்று வெட்டில் கண் திறந்து பனையோலையில் வைத்துத் தருகிறார்கள். 2025 கோடையில் தர்பூசணிக்கு ஊசி வழியே சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி விற்பனை சரிந்தது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்து விவசாயிகள் விலை போகாமல் தெருவுக்கு வந்தார்கள். கலப்படத்தைப் பிடிப்பது அவசியம். ஒரு காணொளியால் ஒரு பருவத்தின் பயிரையே அழித்துவிடக் கூடாது என்பதும் அவசியம்.

காலி மனைப் புதரும் ஒரு கோடைக் கவலை. நிழலும் ஈரமும் தேடிப் பாம்பு குளியலறைவரை வருகிறது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுத்து, நாடு முழுதும் மாற்றுமருந்து தயாரிக்க உதவுகிறது. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடிபட்டால் கட்டுப்போடுவது, கீறுவது என்று நேரம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற அறிவும் அந்த மருந்தளவு முக்கியம்.

யார் பொறுப்பு?

ஒரு தெருவாசி கோடையில் யாரிடம் போவார்? குடிநீருக்கு நகராட்சி. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது உள்ளாட்சிக்கு. ஆக்கிரமிப்பை அளக்க வருவாய்த் துறை. ஜிஎஸ்டி சாலை தேசிய நெடுஞ்சாலை, அதன் கீழே போகும் சிறுபாலம் யாருடையது என்பதே ஒரு வழக்கு. கால்வாய் எல்லை தாண்டி ஊரப்பாக்கம் போனால் அங்கே வேறு உள்ளாட்சி. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது; கோப்புக்குத் தெரியும்.

முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. ஏரியை நம்பி வயல் இருந்தது. வயல்காரர் ஏரியைக் காத்தார். மதகு திறக்க நீர்க்கட்டி இருந்தார். கோடையில் ஏரி வற்றியதும் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு இறங்கி வண்டலை அள்ளினார்கள். அது வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். அதுதான் குடிமராமத்து. 1790களில் செங்கல்பட்டு ஜாகிரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டபோதும் இந்த வட்டாரத்தின் வருவாய் ஏரியில்தான் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டிருந்தார். வயல் மனையானதும் ஏரிக்குக் காவலர் போய்விட்டார். 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் பக்கத்து மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. பயனடைபவர் யார், காப்பவர் யார் என்ற பழைய இணைப்பு மட்டும் இல்லை. இன்று நந்திவரம் ஏரியின் ஆயக்கட்டுதாரர், சுற்றியுள்ள போர்வெல் வைத்த ஒவ்வொரு வீட்டுக்காரரும்தான். அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை.

கோடையில் செய்ய வேண்டியவை

ஏரிக்குள் இறங்கி வேலை செய்ய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் நாள். ஆனால் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி, மதிப்பீடும் ஒப்புதலும் டெண்டரும் முடிய ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. பொக்லைன் இறங்கும்போது மழை இறங்குகிறது. எனவே முதல் மாற்றம் நாட்காட்டியில். கால்வாய் அளவெடுப்பும் டெண்டரும் ஜனவரி–மார்ச்சில், தூர்வாரல் மே–ஜூலையில், கலங்கலும் சிறுபாலமும் செப்டம்பருக்குள். நந்திவரம் முதல் ஆதனூர் வரையுள்ள தொடரை ஒரே வேலையாக எடுத்து, நகராட்சி, பக்கத்து உள்ளாட்சிகள், நீர்வளத் துறை, நெடுஞ்சாலை, ரயில்வே ஐந்தும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு நகரிலும் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து பெயர்ப்பலகையில் எழுதுவது. கயிறும் அளவு நாடாவும் போதும். ஜனவரியிலேயே மட்டம் இறங்குவது தெரிந்தால் மே மாதம் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. மூன்றாவது, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் உண்மையில் மண்ணுக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று மே மாதத்தில் வீடுவீடாகப் பார்ப்பது. நான்காவது, தண்ணீர் லாரிகளைப் பதிவுசெய்து, எடுக்கும் இடமும் விலையும் எழுதி வைப்பது. ஐந்தாவது, டிரான்ஸ்பார்மர் சுமையைப் பிப்ரவரியில் அளந்து, மார்ச்சுக்குள் கூட்டுவது. மே இரவில் பீஸ் போட வருவதைவிட அது மலிவு. ஆறாவது, 2024இல் சென்னையின் சிக்னல்களில் போட்டது போன்ற பச்சைப் பந்தலை ஜிஎஸ்டி சாலைக் கடப்புகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் போடுவது. கட்டடத் தொழிலாளர்களுக்கு உச்சி வேளையில் வேலை நிறுத்துவதை அனுமதிச் சீட்டின் நிபந்தனையாக்குவது.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குப் பெரிய நிதியும் வேண்டாம். வேண்டியது, ஜூனில் பள்ளி திறந்ததும் கோடையை மறக்கும் வழக்கத்தை விடுவது. வார்டு கூட்டத்தில் உறுப்பினரிடம் குறைகளை அடுக்குவதற்குப் பதில் ஒரே கேள்வி கேட்கலாம்: இந்த மே மாதத்தில் நம் கால்வாயில் எத்தனை மீட்டர் தூர்வாரப்பட்டது? அடுத்த ஆண்டு நம் தெருவுக்கு எத்தனை லாரி வரும் என்பதை முடிவு செய்வது அந்த எண்தான்.